தொலைந்தவர்களைத் தேடி கொல்லிமலை ஏறியவர்கள்!

சேந்தமங்கலத்தில் நின்று பார்த்தால், சமவெளிக்குக் குறுக்கே யாரோ சுவர் எழுப்பியதுபோல நிற்கும் கொல்லிமலை. இன்றைக்கு அதன்மேல் ஏற 70 கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை இருக்கிறது. காரவள்ளி தாண்டியதும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே உட்கார்ந்தால், தலைசுற்றல் முடிவதற்குள் சோளக்காடு வந்துவிடும்.

1913-ல் அந்தச் சாலை கிடையாது. அந்த வருடம், கல்யாணம் முடிந்த கையோடு ஓர் ஆங்கிலேயத் தம்பதி கொட்டும் மழையில் மலை ஏறினார்கள். மாப்பிள்ளை ஜெஸ்ஸி பிராண்ட். மணப்பெண் எவலின். லண்டனில் வசதியான வியாபாரி வீட்டில் பிறந்து, ஓவியம் படித்தவர். முப்பதைத் தாண்டிய வயதில், அவரைவிட இளையவரான ஜெஸ்ஸியைக் கைப்பிடித்து, புதுப்பெண் கோலத்திலேயே சேற்றில் நடந்தார்.

மலையின் பெயரிலேயே 'கொல்லி' இருக்கிறது. அந்தக் காலத்தில் மலைக்காய்ச்சல் என்றால் சமவெளி ஆட்களுக்குக் குலை நடுங்கும். வியாபாரம் முடிந்தால் இறங்கிவிட வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் வாழவந்தி என்ற ஊரில் மரத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டு இவர்கள் குடியேறினார்கள். ஊர்ப் பெயரைக் கவனியுங்கள். வாழவந்தி!

ஏன் போனார்கள்? 'ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன்' என்ற சபையின் ஊழியர்கள் அவர்கள். மதம் பரப்பத்தான் போனார்கள், இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால், அவர்களை அங்கே பிடித்து நிறுத்திய நம்பிக்கை எது என்று பார்த்தால், அது கிறிஸ்தவத்தின் மையத்துக்கே அழைத்துப் போகிறது. 'தொலைந்தவனைக் கடவுள் தேடிப் போகிறார், விலை கொடுத்து மீட்கிறார்' என்பதுதான் அது. வேதாகமத்தில் வாசிக்கும்போது சுலபமாக இருக்கும் இந்த வாக்கியம், ஒரு மலையில் 60 வருடங்களுக்கு மேல் என்ன பாடுபட்டது என்பதுதான் பிராண்ட் குடும்பத்தின் கதை.

நரம்புச்சிலந்தியும் கஞ்சிப் பானையும்

கொல்லிமலையில் வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். கேரளத்தாருக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. சாமையும் கேழ்வரகும் விதைத்து, அறப்பளீஸ்வரரையும் கொல்லிப்பாவையையும் கும்பிட்டு வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு இந்த வெள்ளைக்காரர்கள் எதற்கு?

ஜெஸ்ஸி முழு டாக்டர் அல்ல. லண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஒரு வருடம் வெப்பமண்டல நோய்களுக்கான வைத்தியம் கற்றவர், அவ்வளவுதான். பல் பிடுங்குவார், கட்டியைக் கீறுவார், தச்சு வேலை தெரியும், வீடு கட்டத் தெரியும். அங்கே அவர் சந்தித்த பெரிய எதிரி நரம்புச்சிலந்தி. இந்தத் தலைமுறைக்கு அந்த நோயே தெரியாது. படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொள்பவரின் கால் புண்ணிலிருந்து புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும். அவற்றைக் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் பூச்சிகள் விழுங்கும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவரின் உடம்புக்குள் ஏறத்தாழ ஒரு வருடம் வளர்ந்து, மீட்டர் நீளத்துக்கு நூல்போல ஒரு புழு காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, தினம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்து அறுந்துவிட்டால் உள்ளே சீழ் பிடித்துவிடும். ஜெஸ்ஸி புழுவையும் எடுத்தார், கிணற்றுக்குள் யாரும் கால் வைக்க முடியாதபடி சுற்றுச்சுவரும் எழுப்பினார். இந்தியாவில் கடைசி நரம்புச்சிலந்தி நோயாளி ராஜஸ்தானில் கண்டறியப்பட்டது 1996-ல். 2000-ல்தான் நாடு முழுவதும் நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கிணற்றுச் சுவர் எவ்வளவு முன்கூட்டிய யோசனை என்பதை இதிலிருந்து கணக்குப் போடலாம்.

வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கும் சிலர் அனுப்பினார்கள். ஆனால், ஜெஸ்ஸி சொன்ன சாமியை யாரும் ஏற்கவில்லை. ஒன்றல்ல இரண்டல்ல, ஆறு வருடங்களுக்கு ஒருவர்கூட இல்லை. ஊர்ப் பூசாரிக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. எங்கிருந்தோ வந்தவன், தலைமுறை தலைமுறையாகக் காத்த தெய்வத்தை விடச் சொன்னால் யார் சும்மா இருப்பார்கள்?

பிறகு வந்தது 1918-19 விஷக்காய்ச்சல். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போன இன்ஃபுளுயன்சா. மலையையும் அது விடவில்லை. காய்ச்சல் வந்த வீட்டுக்கு உறவினர்களே போகப் பயந்தார்கள். ஜெஸ்ஸி அரிசிக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஊட்டினார். அந்தக் காலத்தில்தான் எதிர்த்து நின்ற பூசாரியும் அவர் மனைவியும் படுக்கையில் விழுந்தார்கள். வாசலில் வந்து நின்றவர்கள் பிராண்ட் தம்பதிதான். சாகும் தறுவாயில் பூசாரி தன் கைக்குழந்தையை, பெண் குழந்தையை, அவர்களிடமே ஒப்படைத்தார்.

இந்தச் சம்பவம் பிராண்ட் குடும்பத்தார் சொன்ன வடிவத்தில்தான் நமக்குக் கிடைக்கிறது. அந்தக் கடைசி நேரத்தில் பூசாரியின் மனதில் என்ன ஓடியது என்பதை அவர் வாயால் கேட்க வழியில்லை. குழந்தையை மட்டும் அவர்கள் தங்கள் பிள்ளையாகவே எடுத்து வளர்த்தார்கள். அவளுக்கு வைத்த பெயர் ரூத்.

அடகு நகையும் நெருங்கிய சொந்தமும்

யோசித்து வைத்த பெயர் அது. வேதாகமத்தில் ரூத் ஒரு வேற்று நாட்டுப் பெண். மோவாப் தேசத்துக்காரி. புருஷனை இழந்து, மாமியாரோடு பெத்லகேமுக்கு வந்து, அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கிப் பிழைத்தவள். போவாஸ் என்ற நிலக்காரர், அவள் புருஷனுடைய சொந்தக்காரர், அந்தக் குடும்பத்தின் நிலத்தை மீட்டு அவளையும் மணந்துகொண்டார். அவர்கள் வம்சத்தில்தான் தாவீது ராஜா பிறந்தார்.

யூதச் சட்டத்தில் இதற்கு ஓர் ஏற்பாடே இருந்தது. ஒருவன் வறுமையில் நிலத்தை விற்றுவிட்டாலோ, தன்னையே அடிமையாக விற்றுக்கொண்டாலோ, நெருங்கிய சொந்தக்காரன் விலை கொடுத்து அவனை மீட்க வேண்டும். மீட்பவன் அந்நியனாக இருந்தால் போதாது. சொந்தமாக இருக்க வேண்டும், கையில் காசும் இருக்க வேண்டும், மனசும் இருக்க வேண்டும். இயேசுவைக் கிறிஸ்தவர்கள் 'மீட்பர்' என்று சொல்லும்போது இந்தச் சட்டம்தான் பின்னால் நிற்கிறது. கடவுள் மனிதனாகப் பிறந்தது எதற்கு என்றால், சொந்தக்காரனாக ஆவதற்கு.

நம் ஊரில் 'மீட்பது' என்ற சொல்லை அதிகம் கேட்கும் இடம் அடகுக்கடைதான். சேலம், ராசிபுரம் கடைவீதிகளில் வைகாசிக் கல்யாணத்துக்கு முன்னால் தாலிக்கொடியை மீட்டு வருபவர்களின் முகத்தைப் பார்த்திருப்போம். நகை எப்போதுமே அந்த வீட்டுடையதுதான். ஆனாலும் காசு கொடுத்தால்தான் திரும்பும். கிறிஸ்தவ மீட்பும் அந்த அர்த்தத்தில்தான். மனிதன் கடவுளின் சொத்து, பாவத்தில் அடகு போய்விட்டான், சிலுவையில் கொடுத்த உயிர்தான் விலை. சரி, அந்த விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது? அடகுக்கடைக்காரர் யார்? மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற அறிஞர் 'சாத்தானுக்கு' என்றார். நான்காம் நூற்றாண்டில் நசியான்சு ஊர் கிரகோரி, 'திருடனுக்கு எதற்கு விலை?' என்ற ரீதியில் அதை மறுத்தார். அந்த வழக்கு இன்றுவரை முடியவில்லை. சாதாரண விசுவாசிகள் அதைப்பற்றிக் கவலைப்படுவதும் இல்லை.

99 ஆடுகள் என்ன ஆயின?

இந்த நம்பிக்கையைப் பாமரனுக்கும் புரியும்படி சொன்னவர் இயேசுதான். லூக்கா நற்செய்தியின் 15-வது அதிகாரம். வரி வசூலிப்பவர்களோடும் கெட்ட பெயர் எடுத்தவர்களோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறாரே என்று பெரிய மனிதர்கள் முணுமுணுத்தபோது, பதிலாக மூன்று கதைகள் சொன்னார். தொலைந்த ஆடு, தொலைந்த காசு, தொலைந்த மகன்.

100 ஆடு வைத்திருப்பவன் ஒன்று தொலைந்தால், 99-ஐயும் காட்டிலேயே விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போவான் என்கிறது கதை. மேச்சேரி ஆடு மேய்ப்பவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். சாயங்காலம் பட்டியில் அடைக்கும்போது ஒன்று குறைந்தால் தேடிப் போவது வாஸ்தவம். ஆனால், மற்றவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா? கணக்குப் பார்த்தால் கதை தப்பு. அந்தக் கணக்கை மீறுவதுதான் கதையின் விஷயமே. ஆடு செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, தொலைந்திருந்தால் போதும்.

ஆனால் 99 ஆடுகள் என்ன ஆயின என்ற கேள்வி பிராண்ட் வீட்டில் நிஜமாகவே எழுந்தது. ஜெஸ்ஸிக்கும் எவலினுக்கும் இரண்டு பிள்ளைகள். 1914-ல் பிறந்த பால், அடுத்தவள் கோனி. மரமேறி, மலைப்பிள்ளைகளோடு தமிழ் பேசி வளர்ந்த பால், படிப்புக்காக 1923-ல் ஒன்பது வயதில் லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டான். அத்தைமார் வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு, பெற்றோர் மறுபடியும் மலைக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு தகப்பனும் மகனும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. கப்பலில் கடிதங்கள்தான் வந்தன. மரங்கள், பூச்சிகள், பறவைகள் என்று மலையைப் பற்றியே எழுதுவார் ஜெஸ்ஸி.

1929 ஜூன் மாதம் மலேரியா முற்றிய 'கருநீர்க் காய்ச்சல்' ஜெஸ்ஸியைக் கொன்றது. தந்தியில் செய்தி லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. தந்தி வந்த பிறகும், கப்பலில் கிளம்பியிருந்த அப்பாவின் கடிதங்கள் அந்தப் பையனுக்கு வந்துகொண்டே இருந்தன.

யாரோ பெற்ற குழந்தைகளைத் தேடி எடுத்தவர்கள், தாங்கள் பெற்றதைக் கடல் தாண்டி விட்டுவிட்டார்கள். அந்தக் கால மிஷனரி குடும்பங்களில் இது சகஜம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் சகஜமாக இருந்திருக்காது. மீட்புக்கு ஒரு விலை உண்டு என்கிறார்களே, அந்த விலையில் ஒரு பங்கை இந்தப் பையனும் கொடுத்திருக்கிறான். அவனைக் கேட்காமலே.

அந்தக் கூடை

பாலின் மலை நினைவுகளில் ஒன்று அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. அவர் சின்னப் பையனாக இருந்தபோது, மூன்று பேர் மலையேறி வீட்டுக்கு வந்தார்கள். தொழுநோயாளிகள். அம்மா முகம் மாறி, பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார். அப்பா கையுறை மாட்டிக்கொண்டு புண்களைக் கழுவிக் கட்டுப்போட்டார். அம்மா ஒரு கூடையில் சாப்பாடு கொண்டுவந்து தள்ளிவைத்தார். அவர்கள் போன பிறகு, அந்தக் கூடையைத் தொடக்கூடாது, அவர்கள் உட்கார்ந்த இடத்தில் விளையாடக்கூடாது என்று கட்டளை. அன்புள்ள வீடுதான். ஆனாலும் அந்த அன்பு கையுறை போட்டிருந்தது. தொழுநோய்க்கு அப்போது சரியான மருந்து கிடையாது என்பதையும் சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

வேதாகமத்திலேயே இது பழைய சண்டை. லேவியராகமச் சட்டப்படி தொழுநோயாளி ஊருக்கு வெளியே, தனியே இருக்க வேண்டும். மாற்கு நற்செய்தியில் அப்படிப்பட்ட ஒருவன் வந்து மண்டியிடுகிறான். ஒரு வார்த்தை சொல்லியே குணமாக்கியிருக்கலாம். இயேசு கையை நீட்டித் தொடுகிறார். அந்தக் கதையின் கடைசி வரியைப் பலரும் கவனிப்பதில்லை. குணமானவன் ஊரெல்லாம் போய்ச் சொல்கிறான், அதனால் இயேசுவால் வெளிப்படையாக ஊருக்குள் போக முடியாமல் வெளியே வனாந்தரத்தில் தங்க நேர்கிறது. வெளியே இருந்தவன் உள்ளே வந்துவிட்டான், உள்ளே இருந்தவர் வெளியே போய்விட்டார். சிலுவையும் எருசலேம் வாசலுக்கு வெளியேதான் நட்டப்பட்டது.

கூடையைத் தொடக்கூடாது என்று கேட்டு வளர்ந்த பால் பிராண்ட், கொஞ்ச காலம் கட்டட வேலை பழகி, பிறகு டாக்டருக்குப் படித்து, அறுவை சிகிச்சை நிபுணராக 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். 1947-ல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். ராபர்ட் காக்ரேன் என்ற தொழுநோய் நிபுணர் அழைத்துப் போனார். விரல்கள் மடங்கி நகம்போல வளைந்த ஒரு இளைஞனின் கைக்குள் தன் கையைக் கொடுத்து, 'முடிந்தவரை அழுத்து' என்றார். செத்த கை என்று நினைத்தது, இவர் வலியில் துடிக்கும்படி இறுக்கியது! அப்படியானால் கையில் நல்ல தசைகள் மிச்சம் இருக்கின்றன. அவற்றின் தசைநாணை இடம் மாற்றித் தைத்தால் விரல்கள் மறுபடி விரியும். அந்த யோசனையிலிருந்துதான் உலகம் முழுவதும் பின்பற்றப்பட்ட தொழுநோய்க் கை அறுவை சிகிச்சை பிறந்தது.

தொழுநோயில் சதை தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் போவதால் நோயாளியே தன்னை அறியாமல் காயப்படுத்திக்கொள்கிறார் என்பதையும் அவர் கண்டறிந்தார். ராத்திரியில் விரல் காணாமல் போகிறதே என்று காவல் வைத்துப் பார்த்தால், உறங்குபவரின் விரலை எலி கடிக்கிறது, அவருக்குத் தெரியவில்லை! வீடு திரும்பும் நோயாளிகளுக்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்.

ஒருமுறை ஒரு நோயாளியின் தோளில் கை வைத்துச் சிகிச்சையைப் பற்றி விளக்கியபோது, அவர் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார். தப்பாக ஏதாவது சொல்லிவிட்டோமோ என்று பால் பதறினார். உடனிருந்தவர் விசாரித்துச் சொன்னார்: பல வருடங்களாக இவரை யாருமே தொட்டதில்லையாம்.

தொட்டதோடு கதை முடிந்துவிடவும் இல்லை. கை சரியாகிப் போன ஒருவர் கொஞ்ச நாளில் மனம் கசந்து திரும்பி வந்தார். வளைந்த கைக்குப் பிச்சையாவது விழுந்தது. இப்போது கை நன்றாக இருப்பதால் பிச்சையும் இல்லை, நோயாளி என்று தெரிந்ததால் வேலையும் இல்லை. அறுவை சிகிச்சை மட்டும் போதாது என்பது அப்போது உறைத்தது. பிறகு வேலூரில் 'நவஜீவ நிலையம்' என்று குடிசைகளாக ஒரு சின்ன ஊரையே அமைத்து, தச்சு வேலை முதலான தொழில்களைக் கற்றுக்கொடுத்தார்கள். அப்பா ஜெஸ்ஸியின் தச்சுப்பட்டறை மகன் வழியாக அங்கே திரும்ப வந்தது.

லூக்காவின் மூன்றாவது கதையிலும், ஊதாரி மகன் கூலிக்காரனாகச் சேர்த்துக்கொண்டால் போதும் என்றுதான் திரும்பி வருகிறான். தகப்பன் சோறு மட்டும் போட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. நல்ல உடை, காலுக்குச் செருப்பு, கை விரலுக்கு மோதிரம் கொண்டுவரச் சொல்கிறார். வீட்டில் அவனுக்கு இருந்த இடத்தையே திருப்பிக் கொடுக்கிறார். மூத்த மகனுக்குத்தான் அது பொறுக்கவில்லை. அவன் கடைசியில் உள்ளே வந்தானா என்று கதை சொல்லவே இல்லை.

மறுபடியும் மலை

எவலின் என்ன ஆனார்? கணவர் போன பிறகு சிறிது காலம் இங்கிலாந்தில் இருந்துவிட்டு இந்தியாவுக்கே திரும்பினார். மிஷன் அவரை மலையில் விடவில்லை, சமவெளியில் வேலை கொடுத்தது. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் என்று ஐந்து மலைத்தொடர்களுக்கும் போக வேண்டும் என்பது அவரும் ஜெஸ்ஸியும் சேர்ந்து கண்ட கனவு. 1947-ல் அவருக்கு வயது 68. 'ஓய்வு பெறுங்கள்' என்றது மிஷன். கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு தவணை வாங்கினார். அது முடிந்ததும் முறைப்படி ஓய்வு பெற்றார், பெற்றதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்! இனி மிஷன் எப்படித் தடுக்கும்?

இந்த இரண்டாவது ஏற்றம்தான் முதலாவதைவிடப் பெரியது. மட்டக்குதிரையில் காடு மேடெல்லாம் போனார். விழுந்தார், எலும்பு முறிந்தது. பிறகு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார். நரம்புச்சிலந்திக்கு மருந்து போட்டார், அநாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். டாக்டர் மகன் எவ்வளவு சொல்லியும் கீழே வர மறுத்துவிட்டார். ஓவியம் படித்த, அழகான உடைகளோடு வளர்ந்த அந்தப் பெண்மணி, வாழ்வின் கடைசி இருபது வருடங்கள் தன் வீட்டில் ஒரு கண்ணாடிகூட வைத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் எத்தனை பேரைக் கிறிஸ்தவராக்கினார்கள் என்று கணக்கெடுத்தால், அந்த மலையின் மக்கள்தொகையில் அது சிறிய எண்ணிக்கைதான். ஆடிப் பெருக்குக்கு இன்றும் கூட்டம் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குத்தான் போகிறது.

1974 டிசம்பர் 18. எவலின் பிராண்ட் 95 வயதில் இறந்தார். சவப்பெட்டி வேண்டாம், உடம்பு சீக்கிரம் மண்ணோடு சேரட்டும் என்பது அவர் விருப்பம். அதன்படியே சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றினார்கள். வாழவந்தியில், 1929-லிருந்து தனியாகக் கிடந்த ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்தில் குழி தோண்டியிருந்தது. மலைக்காரர்கள் அவரை அங்கே இறக்கினார்கள்.